ரோலிங் தண்டர் (1977): கொக்கிக்கு முந்தைய அரை மணி நேரம்

பழையபிரிண்ட்:

நேற்று ராத்திரி ‘ரோலிங் தண்டர்’ படத்தை நாலாவது தடவையாகப் பார்த்தேன். ஜான் ஃப்ளின் இயக்கியது. இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் இரண்டே விஷயம்தான் சொல்வார்கள். ஒன்று, கை போன இடத்தில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கி. இன்னொன்று, கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டை. நானும் முதல் தடவை அதற்காகத்தான் உட்கார்ந்தேன். இப்போது பார்க்கும்போது, கொக்கி வருவதற்கு முன்னால் ஓடுகிற அந்த அரை மணி நேரம்தான் படம், மிச்சமெல்லாம் அதற்கான வட்டி என்று படுகிறது.

பார்க்காதவர்களுக்குக் கதை: 1973. அமெரிக்க விமானப்படை மேஜர் சார்லஸ் ரேன் (வில்லியம் டெவேன்) வியட்நாம் போரில் பிடிபட்டு, வட வியட்நாமின் ஹனோய் சிறையில் ஏழு வருஷம் கிடந்துவிட்டு டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குத் திரும்புகிறார். கூடவே அதே சிறையில் கிடந்த ஜானி வோடன் (டாமி லீ ஜோன்ஸ்). விமான நிலையத்தில் பேண்டு, கொடி, பேச்சு எல்லாம் உண்டு. விட்டுப் போனபோது கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே மனைவி விஷயத்தை உடைத்துவிடுகிறாள்: வேறொருவர் வந்துவிட்டார், பெயர் கிளிஃப், உள்ளூர் போலீஸ்காரர்.

வேறு எந்தப் படமாக இருந்தாலும் இங்கே ஒரு கண்ணாடி டம்ளராவது சுவரில் மோதியிருக்கும். ரேன் அசையவில்லை. ஏற்கெனவே எதிர்பார்த்த சேதி மாதிரி கேட்டுக்கொள்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் போய்ப் படுக்கிறார். சிறை அறை அளவுக்கான இடம் அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் அந்தக் கயிற்றுக் காட்சி. கிளிஃப் நல்ல மனுஷன், சமாதானம் பேச வருகிறார். ரேன் அவரிடமே ஒரு கயிற்றைக் கொடுத்து, ஹனோயில் தன் கைகளைப் பின்னால் கட்டி எப்படித் தூக்கினார்கள் என்று செய்துகாட்டச் சொல்கிறார். இன்னும் மேலே, இன்னும் மேலே என்கிறார். கிளிஃபுக்கு வியர்த்துவிடுகிறது. ரேனுக்கு நாடு திரும்பியதிலிருந்து முதல் தடவையாக முகத்தில் உயிர் வருகிறது. கொள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே மனுஷன் செத்துப்போயிருக்கிறான் என்பதை இதைவிடக் கச்சிதமாக யார் காட்டியிருக்கிறார்கள்?

ஊர் ரேனுக்குப் பரிசாகக் கொடுத்த வெள்ளி நாணயத்துக்காக ஒரு கும்பல் வீட்டுக்குள் வருகிறது, மனைவியையும் மகனையும் கொல்கிறது, ரேனின் கை போகிறது. பழிவாங்கக் கிளம்புகிறார். ஆனால் என் வாதம் இதுதான்: அவர் துக்கத்தால் கிளம்பவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வேலை மறுபடி கிடைத்துவிட்டது, அதனால் கிளம்புகிறார்.

ராத்திரிஷோ:

தலைவரே, வாதமெல்லாம் சரி. ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தை “வட்டி” என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல் பாசோவில் ஜானி வீட்டு வரவேற்பறை ஞாபகம் இருக்கிறதா? சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி ஊர்க்கதை பேசுகிறார்கள். ஜானி நடுவில் ஒரு மரச்சாமான் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ரேன் தனியாகக் கூப்பிட்டு, அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறார். யாரை என்று கேட்கிறார் ஜானி. என் மகனைக் கொன்றவர்களை. அவ்வளவுதான். எத்தனை பேர், எங்கே, போலீஸுக்குச் சொன்னாயா, ஒரு கேள்வி கிடையாது. சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறார்.

டாமி லீ ஜோன்ஸ் பிற்பாடு எத்தனையோ பெரிய படம் செய்தார். எனக்கு அவர் என்றால் இந்த ஒரு வரிதான்.

பழையபிரிண்ட்:

ராத்திரிஷோ, நீங்கள் எடுத்துக் காட்டிய வரியே என் பக்கம்தான் பேசுகிறது. ரேன் “என் மகனை” என்கிறார். மனைவியைச் சொல்லவில்லை. அதே கும்பல்தான் அவளையும் கொன்றது. இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. அவர் மன்னித்துவிட்டார் என்று நாம் நினைத்ததெல்லாம் மன்னிப்பு இல்லை. கணக்கிலிருந்து பெயரை அடித்துவிட்டார்.

மழைக்காலவாசகி:

கணக்கு என்றதும் கேட்கத் தோன்றுகிறது. இந்த இழையில் இன்னும் ஒருவர்கூட லிண்டாவைப் பற்றிப் பேசவில்லையே? ரேன் ஏமாற்றி மெக்சிகோவுக்கு அழைத்துப் போகும் பெண். லிண்டா ஹேன்ஸ் நடித்திருக்கிறார். 1980க்குப் பிறகு சினிமாவை விட்டே போய்விட்டார். நமக்குத்தான் நஷ்டம்.

ரேன் சிறையிலிருந்த காலம் முழுக்க அவர் பெயர் பொறித்த வளையத்தைக் கையில் போட்டிருந்தவள் அவள். வரவேற்புக் கூட்டத்தில் அவருக்கு ஊரின் பரிசைக் கொடுப்பவளும் அவள்தான். அவளுக்கு ரேன் ஒரு கனவு. ரேனுக்கு அவள், மதுக்கடைக்குள் போய் ஒரு ஆளை விசாரிக்க உதவும் தூண்டில் புழு. உள்ளே என்ன ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புகிறார். மாட்டிக்கொண்டு அடிபட்டு வெளியே வந்து அவள் கத்துவாளே, அந்தக் கோபம்தான் படத்திலேயே உயிருள்ள ஒரே கோபம். கடைசியில் தூங்கிக்கொண்டிருப்பவளை விடுதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

என்னைக் கேட்டால் படத்தின் மிகக் கொடூரமான காட்சி ரத்தம் சிந்துகிற காட்சி இல்லை, அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற காட்சிதான். பழிவாங்கும் படங்களில் ஹீரோ கிளம்பும்போது பெண் வாசலில் நின்று அழுவாள். இங்கே அவளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

நூலகமூலை:

அந்த வளையம் கதைக்காகச் செய்ததில்லை, நிஜம். 1970இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர் அமைப்பு ஆரம்பித்தது. ஒரு போர்க்கைதியின் அல்லது காணாமல்போனவரின் பெயர், பதவி, பிடிபட்ட தேதி எல்லாம் பொறித்த உலோக வளையம். அவர் திரும்பி வரும்வரை கழற்றக் கூடாது என்பது ஏற்பாடு. சுமார் 50 லட்சம் வளையம் விற்றது. ஆக, லிண்டா மாதிரி முன்பின் தெரியாத ஒரு மனிதனை மணிக்கட்டில் சுமந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள்.

கைதிகள் திரும்பியதும் அப்படித்தான். 1973 ஜனவரி 27 அன்று போரை நிறுத்தப் பாரிஸ் ஒப்பந்தம். பிப்ரவரி 12லிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை 591 அமெரிக்கக் கைதிகள் தொகுதி தொகுதியாக விமானத்தில் வந்தார்கள். அந்தச் சமயம் எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பிரபலம். கலிஃபோர்னியாவின் டிராவிஸ் விமானத் தளம், மார்ச் 17. கைகளை விரித்துக்கொண்டு மகள் ஓடி வருகிறாள், பின்னால் மற்ற பிள்ளைகள், மனைவி. அப்பா நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஸ்லாவா வேடர் எடுத்தது. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. படத்தைப் பார்த்தால் கண் கலங்கும். ஆனால் அந்த அதிகாரி விடுதலையான அன்றே, உறவு முடிந்துவிட்டது என்று மனைவி எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்துவிட்டது. சட்டைப் பைக்குள் அந்தச் சேதியோடுதான் அவர் அந்த ஓடுதளத்தில் நின்றிருக்கிறார். மறு வருஷமே விவாகரத்து.

அதனால் ரேன் இறங்கி வருகிற காட்சியை நான் கதையாகவே பார்க்கவில்லை. அந்தப் புகைப்படத்தில் நமக்குத் தெரியாத முகம் எப்படி இருந்திருக்கும் என்று டெவேன் காட்டுவதாகத்தான் பார்க்கிறேன்.

ராத்திரிஷோ:

அடேயப்பா. இது தெரியாது. நன்றி நூலகமூலை.

பரிசு விஷயத்தில் எனக்கு ஒரு சில்லறைச் சந்தேகம். ரேனுக்கு ஊர் கொடுப்பது ஒரு சிவப்பு காடிலாக் கார், 2555 வெள்ளி டாலர், சிறையிலிருந்த நாளுக்கு ஒன்று வீதம். 7ஐ 365ஆல் பெருக்கினால் 2555. அப்போ இடையில் வந்த இரண்டு லீப் வருஷ நாள்? பிப்ரவரி 29 அன்று மட்டும் ஹனோயில் விடுமுறை விட்டார்களா?

மழைக்காலவாசகி:

அந்த இரண்டு நாளைத்தான் அவர் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் :)

ஓரக்குரல்:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கதையும் முதல் திரைக்கதையும் பால் ஷ்ரேடருடையது. ‘டாக்ஸி டிரைவர்’ எழுதிய அதே ஆள். அவர் எழுதிய ரேன் வேறு மாதிரி. அப்பட்டமான இனவெறி பிடித்த டெக்சாஸ்காரன். கடைசியில் மெக்சிகோவில் அவன் சுடுவது குற்றவாளிகளை மட்டுமல்ல, கண்ணில் பட்டவர்களையெல்லாம். வியட்நாமில் செய்ததையே எல்லைக்கு அப்பால் மறுபடி செய்கிறான் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பிறகு திரைக்கதையில் ஹேவுட் கூல்ட் கை வைத்தார், ரேன் நாம் கைதட்டக்கூடிய ஆளாக மாறினார். பாசிசத்தைப் பற்றி நான் எழுதியதைப் பாசிசப் படமாகவே எடுத்துவிட்டார்கள் என்கிற பொருளில் ஷ்ரேடர் பிற்பாடு புலம்பியிருக்கிறார். எனக்கு அவர் புலம்பல் நியாயமாகத்தான் படுகிறது. கடைசிச் சண்டை நடக்கும், மெக்சிகோவின் ஹுவாரெஸ் ஊர் விபசார விடுதியில் சாகிற மெக்சிகோக்காரர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது?

இன்னொன்று, தலைப்பு. ‘ரோலிங் தண்டர்’ என்பது 1965 மார்ச்சிலிருந்து 1968 நவம்பர் வரை வட வியட்நாம் மேல் அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சுக்கு வைத்த பெயர். சுமார் 8,64,000 டன் குண்டு போட்டார்கள். ரேன் 1973இல் வருகிறார், ஏழு வருஷச் சிறை என்றால் 1966 வாக்கில் பிடிபட்டிருக்க வேண்டும். விமானப்படைக்காரர் வேறு. அப்படியானால் அவர் அங்கே வானத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. படம் அதைப் பற்றி வாயே திறக்காது. அவர் கையைக் கட்டியவர்கள் வருகிறார்கள். அவர் குண்டுக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு காட்சியில்கூட வருவதில்லை.

பழையபிரிண்ட்:

ஓரக்குரல், கோபமெல்லாம் இல்லை. தலைப்புக் கணக்கை நான் யோசித்ததே இல்லை, அது கனமான அடி. மெக்சிகோக்காரர்கள் விஷயத்திலும் எனக்குப் பதில் இல்லை.

ஆனால் ஷ்ரேடர் சொன்ன அளவுக்கு எல்லாம் துடைத்துப் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. கடைசிச் சண்டைக்கு ரேனும் ஜானியும் எந்த உடையில் போகிறார்கள் என்று பாருங்கள். ராணுவச் சீருடை, பித்தானெல்லாம் போட்டு, பதக்கத்தோடு. சொந்தப் பழி தீர்க்கப் போகிறவன் எதற்கு அரசாங்கச் சீருடை போட வேண்டும்? எழுத்தில் அடித்துவிட்டது உடையில் மிஞ்சி நிற்கிறது. ஃப்ளின் அதைத் தெரிந்து வைத்தாரா, அழகுக்காக வைத்தாரா, எனக்கு முடிவு சொல்லத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் சீருடையைப் பார்த்ததும் கைதட்ட வந்த கை பாதியில் நின்றுவிடுகிறது.

ஓரக்குரல்:

உங்கள் கை நின்றது. தியேட்டரில் எத்தனை கை நின்றிருக்கும்?

கண்டோன்மென்ட்பையன்:

இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று எழுதத் தோன்றியது.

என் பெரியப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சிறைக்கெல்லாம் போனவரில்லை. எந்தச் சண்டையைப் பற்றியும் எங்களிடம் அவர் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே கட்டில் போட்டிருந்தும் திண்ணையில்தான் படுப்பார், மழைக்காலத்தில்கூட. விடிகாலை நாலரைக்கு எழுந்து போர்வையை நாலு மூலையும் கத்தி மாதிரி மடித்து வைப்பார். பெரியம்மா அவரை விருந்தாளி என்றுதான் சொல்வார்கள். “விருந்தாளி சாப்பிட்டாச்சா?” என்று எங்களிடம் கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம். அது கிண்டல் என்றுதான் அப்போது நினைத்தோம்.

ரேன் கொட்டகையில் போய்ப் படுத்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி போட்டேன். பழிவாங்குகிற பகுதி என் நினைவில் அவ்வளவாக இல்லை.

மழைக்காலவாசகி:

கண்டோன்மென்ட்பையன், இனிமேல் அடிக்கடி எழுதுங்கள்.

நூலகமூலை:

பெரியப்பா பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஒரு தகவல் மட்டும். போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனிப் பெயர் கிடைத்தது 1980இல்தான். படம் வந்தது 1977. அதாவது ரேனுக்கு என்ன நோய் என்று சொல்ல அன்றைக்கு அதிகாரபூர்வமாக ஒரு சொல்லே இல்லை. இன்று எடுத்தால் ஒரு மருத்துவர் பாத்திரம் வந்து ஐந்து நிமிஷம் விளக்கிவிட்டுப் போயிருக்கும். சொல் இல்லாததால்தான் கயிற்றைக் காட்ட வேண்டியிருந்தது.

ரேனும் ஜானியும் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பதற்கும் நிஜ வாழ்க்கையில் ஒரு சங்கதி உண்டு. ஹனோய்ச் சிறைகளில் கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தடை. சுவரில் தட்டிப் பேசினார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஆங்கில எழுத்துகள். முதல் தட்டு வரிசை, இரண்டாவது தட்டு இடம். முகம் தெரியாத பக்கத்து அறைக்காரனோடு வருஷக்கணக்கில் இப்படியே பேசியவர்கள் இருக்கிறார்கள். படத்தில் இது வராது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு எல் பாசோக் காட்சியைப் பாருங்கள். இரண்டு பேரும் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் செலவு செய்வார்கள்.

புதுவரவு77:

அண்ணன்மார்களே, அக்கா, படத்தை இன்னும் பார்க்கவில்லை. இழையைப் படித்ததும் பார்க்க ஆசை வந்துவிட்டது. ரத்தம் ரொம்ப அதிகமா? எனக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் வயிறு பலவீனம்.

ராத்திரிஷோ:

தம்பி, ஒரே ஒரு இடம்தான் கஷ்டம். சமையலறைத் தொட்டிக்குள் கழிவு அரைக்கும் மெஷின் இருக்குமே, அதற்குள் ரேனின் கையை விடுகிற இடம். இன்று வருகிற படங்களோடு பார்த்தால் கண்ணுக்கு அதிகம் தெரியாது, சத்தம்தான். படத்தை எடுத்தது ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ். வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டியபோது இந்த இடத்தில் ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். நிறுவனம் பயந்துபோய்ப் படத்தை அமெரிக்கன் இன்டர்நேஷனலுக்கு விற்றுக் கையைக் கழுவியது. அவர்கள் மலிவுப் படத்துக்குப் பெயர் போனவர்கள். அதனாலேயே இது பல வருஷம் இரண்டாம் தர ரத்தப் படம் என்ற பெயரோடு கிடந்தது. 1990களில் இயக்குநர் டாரன்டினோ தன் விநியோக நிறுவனத்துக்கு இந்தப் படத்தின் பெயரையே வைத்தார். அதற்குப் பிறகுதான் நிறையப் பேர் தேடிப் பார்த்தார்கள்.

அந்த இடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடு. ஒரு நிமிஷம்தான்.

ஒளியும்நிழலும்:

தண்ணீர் குடிக்கப் போகாதே தம்பி! அந்தக் காட்சியை வெட்டியிருக்கும் விதத்துக்காகவே பார். அவர்கள் அடிக்க அடிக்க, ஹனோய்ச் சிறையின் கறுப்பு வெள்ளைத் துண்டுகள் நடுவில் வந்து விழுகின்றன. பெயரும் பதவியும் எண்ணும் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார். நாணயத்தைக் காட்டிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள், அற்பப் பணம். ஆனால் சரணடையாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கம்தான் மனைவியும் மகனும் வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் கும்பலை அங்கேயே நிறுத்திவைக்கிறது. பழையபிரிண்ட் சொன்ன “செத்துப்போன மனுஷன்” வாதத்துக்கு இது இன்னொரு ஆதாரம். சிறையில் அவரைக் காப்பாற்றிய அதே குணம் இங்கே குடும்பத்தைக் கொல்கிறது.

ஒளிப்பதிவு ஜோர்டன் க்ரோனன்வெத். ஐந்து வருஷம் கழித்து ‘பிளேட் ரன்னர்’ செய்தவர். இதில் பாதிக் காட்சியில் டெவேனின் கண் தெரியாது, கறுப்புக் கண்ணாடி அல்லது நிழல். கும்பல் தலைவனாக வரும் ஜேம்ஸ் பெஸ்ட் மட்டும் நல்ல வெளிச்சத்தில் வியர்வையைத் துடைத்தபடி நிற்பார். கெட்டவனுக்கு வியர்க்கிறது, நல்லவனுக்கு வியர்க்கவே இல்லை. எது மனுஷன் என்று குழப்பம் வருகிறதா இல்லையா?

புதுவரவு77:

சரி, இன்று ராத்திரி பார்த்துவிட்டு வருகிறேன். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

பழையபிரிண்ட்:

ஒளியும்நிழலும், மனைவியும் மகனும் வருகிறவரை நிறுத்திவைக்கிறது என்று சொன்னது எனக்குப் புதிது. அதை யோசித்தால் இன்னொன்றும் இடிக்கிறது. ஆஸ்பத்திரியில் போலீஸ் விசாரிக்கும்போது ஒன்றும் ஞாபகமில்லை என்று விடுகிறாரே, அதுவும் அதே பழக்கம்தான். விசாரிக்கிறவன் யாராக இருந்தாலும் அவருக்கு எதிரிதான், கிளிஃப் உட்பட. கிளிஃப் தனியாக மெக்சிகோவுக்குத் தேடிப் போய்ச் செத்ததும் அதனால்தானே?

கிளிஃபுக்கு யாருமே பரிதாபப்படுவதில்லை என்பதும் ஒரு குறை. மனைவியையும் பிள்ளையையும் உண்மையில் இழந்து துடித்தவர் அவர்தான்.

வரிவரியாக:

தாமதமாக வருகிறேன். இந்தப் படத்துக்குத் தமிழில் வசன வரி போட்டுக்கொண்டிருக்கிறேன், சொந்த ஆசைக்குத்தான். ஒரு இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன், உதவுங்கள்.

எல் பாசோவில் ஜானி சொல்லும் பதில். “என் சாமான்களை எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்று போட்டால் வீடு மாற்றுகிற மாதிரி இருக்கிறது. “ஆயுதம்” என்று போட்டால் சினிமா வசனம் ஆகிவிடுகிறது, அவர் அப்படிச் சொல்லவில்லை. ராணுவக்காரர்கள் மூட்டை முடிச்சு, உடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற ஒரு சாதாரணச் சொல் வேண்டும்.

கண்டோன்மென்ட்பையன்:

பெரியப்பா ‘கிட்’ என்றுதான் சொல்வார். “கிட்டை எடுத்துட்டு வந்துடறேன்.” ஊருக்குப் போவதென்றாலும் அதே வார்த்தைதான்.

வரிவரியாக:

அதுதான்! போட்டுவிட்டேன். நன்றி.

அடுத்த முட்டு: விடுதியில், சண்டை தொடங்கப் போகிறது. ஜானி துப்பாக்கியைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். கூட இருக்கிற பெண் என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். கொஞ்சம் பேரைக் கொல்லப் போகிறேன் என்கிற பொருளில் ஒரு பதில். கடைக்குப் போகிறேன், பால் வாங்க வேண்டும் என்பது மாதிரிச் சொல்வார் மனுஷன். தமிழில் ‘கொல்லப்போறேன்’ என்று எழுதினாலே மீசை முளைத்துவிடுகிறது. மீசை இல்லாமல் எப்படிச் சொல்வது?

ராத்திரிஷோ:

“நாலு பேரைக் கொல்லணும்.” வண்டிக்குப் பெட்ரோல் போடணும் மாதிரி.

மழைக்காலவாசகி:

‘நாலு பேர்’ வேண்டாமே. நம் ஊர்ப் படங்களில் நாலு பேர் என்றதும் வேறு ஞாபகம் வரும்.

வரிவரியாக:

‘கொல்லணும்’ பிடித்திருக்கிறது. ‘கொல்லப்போறேன்’ அளவுக்கு மார் தட்டவில்லை. எத்தனை பேர் என்பதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன்.